ஒரே தண்ணீரின் இரண்டு ஐப்பசிகள்

சேலையூர் ஏரி நிறைந்தால் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வழியும். அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து தங்கும். கிழக்குத் தாம்பரத்தில் பெய்கிற மழைக்கு இதுதான் பரம்பரை வழி. (மேற்குத் தாம்பரம், முடிச்சூர் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகிறது. அது வேறு கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கதையை ஊரே பார்த்தது.) சதுப்பு நிறைந்ததும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓடி, முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் நடுவில் இருக்கும் முகத்துவாரத்தில் கடலைச் சேரும்.

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தென்சென்னையில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இந்த வழியின் இரண்டு முனைகளும் நன்றாகத் தெரியும். ஒன்று பள்ளிக்கரணை, இன்னொன்று முட்டுக்காடு–கோவளம். ஆனால் இரண்டும் தனித்தனி இடங்களாகவே பேசப்படுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுப்பு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. இந்தப் பிரிவினையில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் புரிகிறது என்பது என் எண்ணம். பறவைகளின் வருகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீரின் ஆழமும் உப்பும்தான். அந்த இரண்டும் இந்த இரண்டு முனைகளிலும் நேர் எதிராக ஏறி இறங்குகின்றன.

முதலில் சதுப்பு. பள்ளிக்கரணை 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த நிலம். இன்று அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீர்நிலையாக எஞ்சியிருக்கிறது என்று சொல்லப்படுகிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை அதைக் குறுக்கே வெட்டுகிறது. பெருங்குடிக் குப்பைக்கிடங்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை ஆற்றலுக்குமான மத்திய அரசு நிறுவனங்கள் சதுப்பின் மேலேயே எழும்பியிருக்கின்றன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. இவ்வளவுக்கும் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. இந்த நகரம் அந்தச் சதுப்புக்குச் செய்ததைப் பார்க்கும்போது, இது அந்த நிலத்தின் பெருந்தன்மை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், அதாவது செப்டம்பரிலும் அக்டோபர் நடுவரையிலும், சதுப்பில் நீர் ஒடுங்கியிருக்கும். ஓரங்களில் சேறு வெளியே தெரியும். சேறு தெரிகிற அந்தச் சில வாரங்கள்தான் உள்ளான்களின் காலம். பொறி உள்ளான், பச்சைக்காலி, கருவால் மூக்கன், கொசு உள்ளான் எல்லாம் வடக்கேயிருந்து இறங்குவது அப்போதுதான்.

கொசு உள்ளானைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எடை 25 கிராம் அளவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். சைபீரியாவின் வடகோடியில், மரமே இல்லாத துருவப் புல்வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பெரிய பறவைகள் முதலில் கிளம்பிவிடுகின்றன. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் வழிகாட்ட யாரும் இல்லாமல் பின்னால் வருகின்றன. செப்டம்பரில் பள்ளிக்கரணைச் சேற்றில் முதுகில் வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரியும்படி ஓடித் திரிவது பெரும்பாலும் இந்த இளசுகள்தான். பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பறவை, தான் பார்த்தேயிராத ஒரு ஊரின் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இறங்கி, தலையைத் தூக்காமல் தையல் மெஷின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கிறது. அதன் அலகு இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. நீர் நாலு விரற்கடை ஏறினாலே அதற்கு அங்கே வேலை இல்லை.

கருவால் மூக்கனுக்கு அந்தக் கவலை குறைவு. கால் நீளம், அலகு பத்து சென்டிமீட்டர். முழங்கால் மூழ்க நின்று, தலை நீருக்குள் போகும்வரை குத்தும். அதன் அலகு நுனியில் தொடு உணர்வு மிக அதிகம். அலகை முழுக்கத் திறக்காமலேயே மேல் நுனியை மட்டும் வளைத்துச் சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒரே திட்டில் நின்றாலும் இரண்டுக்கும் வேண்டிய ஆழம் வேறு. சதுப்பின் அருமை இந்தச் சரிவில்தான் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை ஆழம் மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பறவைக்கு இடம் இருக்கிறது. கரையை நேராக வெட்டி, கருங்கல் பதித்து, நடைபாதை போட்டு ஏரிகளை ‘அழகுபடுத்து’கிறபோது முதலில் போவது இந்தச் சரிவுதான். தாம்பரத்தைச் சுற்றியுள்ள பல ஏரிகளில் நீர் இருந்தும் உள்ளான் இல்லாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மழை பிடித்ததும் சதுப்பின் ஆள்கள் மாறுகிறார்கள். சேறு மூழ்குகிறது, உள்ளான்கள் குறைகின்றன, வாத்துகள் இறங்குகின்றன. முதலில் நீலச்சிறகி, பிறகு ஊசிவால் வாத்து, தட்டை அலகுள்ள வாத்து. நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. ஆண்டு முழுக்க இருக்கும் நீலத் தாழைக்கோழி சம்புப் புதருக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மாலை ஐந்து மணிக்குமேல் வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் நின்றால், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முழுச் சதுப்பும் ஒளியில் தெளிவாகத் தெரியும். சேற்றுப் பூனைப்பருந்து சம்பின் தலையை உரசுகிற உயரத்தில் வரும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது, நீரில் பரவிக் கிடந்த நாமக்கோழிகள் அத்தனையும் நெருக்கியடித்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. பருந்துக்குக் கூட்டத்தில் ஒன்றைப் பிரித்தெடுப்பது கடினம். அது இரண்டு முறை வட்டமிட்டுவிட்டுப் போய்விடும். பூநாரையைத் தேடி வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் போவதுண்டு. எனக்குப் பள்ளிக்கரணையில் மிகவும் பிடித்த காட்சி இது.

இனி முட்டுக்காடு. இங்கே கணக்கே வேறு. இது உப்பங்கழி. கடலுக்கும் கழிக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு கிடக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தை அடைக்கும். கழியில் நீர் தேங்கும், வெயிலில் சுண்டும், உப்புக் கூடும். மழைக்காலத்தில் மேலிருந்து வெள்ளம் வந்து முட்டும்போது, அல்லது ஆட்கள் இயந்திரம் கொண்டு வெட்டிவிடும்போது, திட்டு உடைந்து முகத்துவாரம் திறக்கும். திறந்த பிறகுதான் கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரும். சென்னைக் கடற்கரையில் ஏற்றவற்றம் பெரியதல்ல, ஒரு மீட்டர் அளவில்தான். ஆனாலும் சமதளமான கழியில் அந்த ஒரு மீட்டர் போதும். நாளுக்கு இரண்டு முறை ஏக்கர் கணக்கில் சேறு வெளியே வந்து மறுபடி மூழ்கும்.

இதனால்தான் முட்டுக்காட்டின் நல்ல காலம் பள்ளிக்கரணையின் நல்ல காலத்துக்குப் பின்னால் வருகிறது. முகத்துவாரம் மூடிக் கிடக்கும் செப்டம்பரில் கழி சோர்ந்திருக்கும். அப்போது பறவையைத் தேட வேண்டியது கேளம்பாக்கம்–கோவளம் சாலையோர உப்பளங்களில். கார்த்திகையில் திட்டு உடைந்து, வெள்ளமும் வடிந்தபின், சதுப்பில் இடம் இழந்த உள்ளான்களுக்கு வேண்டிய விரற்கடை ஆழம் இங்கே புதிதாகக் கிடைக்கிறது. பள்ளிக்கரணையில் கொசு உள்ளான் அருகிப்போன வாரங்களில் இங்கே அவை கூட்டமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முனையில் மூழ்கிய சேறு இன்னொரு முனையில் எழுகிறது. இரண்டையும் செய்வது ஒரே மழை.

ஆனால் முட்டுக்காட்டுக்கே உரிய பறவைகளும் உண்டு. சதுப்பில் எளிதில் பார்க்கக் கிடைக்காத உப்புநீர் ஆட்கள் அவை. கரைக்கொக்கு அலையோரம் ஓடி ஓடி மீன் பிடிக்கும். மணல்நிற உப்புக்கொத்திகள் திட்டின் மேல் மணலோடு மணலாக உட்கார்ந்திருக்கும். ஒன்று நகர்ந்தால்தான் மற்ற முப்பதும் கண்ணுக்குத் தெரியும். காஸ்பியன் ஆலா, ஆலாக்களில் உலகிலேயே பெரியது, கேரட் நிறத்து அலகைக் கீழே தொங்கவிட்டுப் பாலத்தின் மேலாகப் பறக்கும். பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இந்த மணல் திட்டுக்கு வருகிறது. பெயரில் இருக்கும் பழுப்புத் தலை இங்கே வரும்போது இருக்காது. குளிர்கால உடுப்பில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிச்சமிருக்கும். மார்ச்சில் திரும்பிப் போவதற்கு முன் பழுப்பு மறுபடி ஏறத் தொடங்கும்.

முட்டுக்காட்டுக்குக் காலையில் போவது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் நின்றால் கடல் ஒரு பக்கம், கழி மறுபக்கம். காலை வெயில் கடல் பக்கமிருந்து வருவதால் கழியில் நிற்கும் பறவைகள் துலக்கமாகத் தெரியும். 1984-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கிய படகுக் குழாமின் படகுகள் ஓடத் தொடங்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் கழிக்குள் மனிதர்களும் இருப்பார்கள். இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் கண்ணை நம்புவதில்லை. கலங்கிய நீரில் கண்ணுக்கு என்ன தெரியும்? விரல் நுனியில் இறால் அசைவது தெரிந்ததும் பொத்திக்கொள்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு கருவால் மூக்கன் அலகு நுனியால் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். எந்தச் சேற்றில் இறால் இருக்கும், முகத்துவாரம் திறந்து எத்தனை நாளில் குஞ்சு இறால் உள்ளே வரும், நீரில் உப்பு எப்போது குறையும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. பறவை ஆர்வலர்களாகிய நாம் இவர்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் கேட்பதில்லை.

சதுப்பில் இப்படிப்பட்ட ஆட்கள் அநேகமாக இல்லாமல் போய்விட்டார்கள். எருமை மேய்ப்பவர்கள் மட்டும் ஓரங்களில் மிச்சம். பள்ளிக்கரணையை நாம் சாலையிலிருந்தும், 2021-இல் திறந்த சூழலியல் பூங்காவின் நடைபாதையிலிருந்தும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறோம். பின்னால் லாரியும் பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பறவைகள் அந்த இரைச்சலுக்குப் பழகிவிட்டன. வாகனத்துக்குப் பயப்படாத பறவை, இறங்கி நடந்து வருகிற மனிதனைக் கண்டால் எழும்பிவிடும். வேலி இருப்பதுதான் நல்லது. ஆனால் அதன் விளைவு, சதுப்பைக் காலால் அறிந்தவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். அங்கே நீர் எவ்வளவு ஆழம், எங்கே உப்பு, எங்கே கழிவுநீர் என்பது இன்று அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கழிவுநீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய பள்ளிக்கரணை கோடையில் வற்றி, மழையில் நிறையும். வற்றும்போது தரை வெடித்துக் காற்றோட்டம் பெறும். நிறையும்போது அந்தச் சத்து நீரில் கரைந்து புழுவுக்கும் பூச்சிக்கும் உணவாகும். இப்போது சுற்றுப்புறக் கழிவுநீர் ஆண்டு முழுக்க வந்து விழுவதால் பல பகுதிகள் வற்றுவதே இல்லை. ஆகாயத்தாமரையும் சம்பும் அடைத்துக்கொள்கின்றன. நீர் இருக்கிறதே, நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தாழைக்கோழிக்கு நல்லதுதான். சேற்றைத் தேடி ஆர்க்டிக்கிலிருந்து வரும் பறவைக்கு அல்ல. முட்டுக்காட்டில் கடல் நாள்தோறும் கழுவிவிடுகிறது. ஆனால் முகத்துவாரம் மூடியிருக்கும் மாதங்களில் கால்வாய் கொண்டுவருகிற அழுக்கு அங்கேயும் தேங்குகிறது. மேல்முனையின் நோய் கீழ்முனைக்குப் போய்ச் சேர 20 கிலோமீட்டர் ஒரு தூரமே அல்ல.

சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பள்ளிக்கரணைக்குக் காப்புக்காடு, ராம்சர் என்று இரண்டு கவசங்கள். அந்த எல்லையைத் தரையில் அளந்து குறிப்பது பற்றியும், அதை ஒட்டிக் கட்டடம் எழுப்புவது பற்றியும் 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிற்று. போகட்டும், எல்லை என்று ஒன்று இருப்பதால்தான் அதைப் பற்றி வழக்காட முடிகிறது. முட்டுக்காடு–கோவளம் கழிக்கு அப்படி ஒரு பறவைக் காப்பிட எல்லையே கிடையாது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும், அவ்வளவுதான். கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அது குளிக்க வருகிறவர்களின் வசதிக்கும் தூய்மைக்கும் தரப்படுவது. அதனால் மணல் திட்டில் ஓய்வெடுக்கிற ஆலாக்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் விடுமுறை நாள் மாலைகளில் அந்தத் திட்டுவரை ஆட்கள் நடந்து போகிறார்கள். நாய்கள் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, ஓய்வெடுக்க உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எழும்ப நேர்ந்தால், அது சேர்த்துவைத்த கொழுப்பை வீணாகச் செலவழிக்கிறது. திட்டின் தெற்கு நுனியில் நான்கு மாதத்துக்கு ஒரு கயிறு கட்டி, ஆள் நுழைய வேண்டாம் என்று எழுதிவைத்தால்கூடப் போதும். பெரிய செலவில்லை.

வரப்போகிற மாற்றங்களையும் இரண்டு முனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் வீடுகளில் நீர் நாள்கணக்கில் நின்றது. ஒக்கியம் மடுவை அகலப்படுத்தும் பேச்சும், தெற்குப் பக்கிங்காம் கால்வாயிலிருந்து நேராகக் கடலுக்கு ஒரு மூடுகால்வாய் வெட்டும் யோசனையும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. வெள்ளத்தில் தவித்த மக்களுக்கு வடிகால் வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மேலிருந்து வரும் வெள்ளத்தின் பெரும்பங்கு பாதி வழியிலேயே கடலுக்குத் திருப்பப்பட்டால், முட்டுக்காட்டு மணல் திட்டை ஐப்பசி, கார்த்திகையில் உடைக்கப்போவது எது? அந்தக் கேள்வி திட்ட அறிக்கையில் இடம்பெற வேண்டும். அதுபோலவே, கோவளம் வடிநிலத்தில் நன்னீர் தேக்கும் புதிய நீர்த்தேக்கம் ஒன்றைத் தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும். ஆனால் உப்பங்கழி நன்னீர் ஏரியானால் கரைக்கொக்கும் உப்புக்கொத்தியும் போய், நாமக்கோழி வரும். இருளரின் இறாலும் போகும். அதாவது கீழ்முனையும் இன்னொரு பள்ளிக்கரணை ஆகிவிடும். இரண்டு வேறு வேறாக இருப்பதில்தான் பறவைக்குப் பயன். ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்குகிறது.

இந்த வாதத்தை வெறும் நம்பிக்கையாக விடாமல், எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரி தாமதம், அதற்குள் மாற்றம் முடிந்து பறவைகள் நிலைகொண்டுவிடுகின்றன. தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம் பக்கத்துப் பறவை ஆர்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை வாரம் ஒருமுறை, ஒரே காலையில், ஒரே மணிக்கு, சதுப்பிலும் கழியிலும் எண்ண வேண்டும். எல்லாப் பறவையும் வேண்டாம். கொசு உள்ளான், கருவால் மூக்கன், நீலச்சிறகி இந்த மூன்று போதும். கூடவே இரண்டு இடத்திலும் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், முகத்துவாரம் திறந்த தேதியையும். கழிப் பக்கத்துக் குழுவில் இறால் பிடிக்கிறவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்வது முறை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு வண்டியும், வேளச்சேரி சாலையில் ஒரு வண்டியும் விடிவதற்குள் தாம்பரத்திலிருந்து கிளம்பினால், ஒன்பது மணிக்குள் இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.